மருத்துவர் பதில்கள்: உறைகிறதா, ஒழுகுகிறதா?

கேள்வி: நீரிழிவு உள்ள என் தகப்பனாருக்கு (வயது 68) சிறுநீரகக் கல் அடைத்து, தொற்று முற்றி, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்தார். இரண்டாம் நாளே பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) 38,000-க்கு இறங்கியது. ஊசி குத்திய இடங்களில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்க, கால்விரல் நுனிகளோ கருநீலமாயின. ஒரு மருத்துவர் "இரத்தம் உறைகிறது" என்றார். மறுநாள் வந்தவர் "உறைய மறுக்கிறது" என்றார். யார் சொன்னது சரி என்று வீட்டில் வாக்குவாதமே நடந்தது. அப்பா இப்போது வீடு திரும்பிவிட்டார். அன்று நடந்தது என்ன?
– ஒரு வாசகி, யீஷூன்

பதில்: இருவர் சொன்னதும் சரி. முதலாமவர் காரணத்தைச் சொன்னார், இரண்டாமவர் விளைவைச் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் யாரும் உங்களுக்கு விளக்காததுதான் குறை.

காயம் பட்ட இடத்தில் மட்டும் உறைந்து, மற்ற இடங்களில் ஓடிக்கொண்டிருப்பதே இரத்தத்தின் இயல்பு. கடும் தொற்றில் கிருமிகளின் தூண்டுதலால் வெள்ளையணுக்கள் சில, உறைதலைத் தொடங்கிவைக்கும் 'திசுக் காரணி' என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் வெளிப்படுத்துகின்றன. உறைதலுக்குக் கடிவாளமான ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி ஆகியவை குறைந்துபோகின்றன. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாடும் மந்தமாகிறது. இதனால் காயமே இல்லாத நுண்குழாய்களுக்குள் சிறுசிறு இரத்தக் கட்டிகள் உருவாகி, விரல் நுனி, சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. புளோக் முழுவதும் ஒழுகாத குழாய்களையெல்லாம் அவசரப்பட்டு அடைத்துச் சிமெண்டைத் தீர்த்துவிட்டால், மேல்மாடிக் குளியலறை நிஜமாகவே ஒழுகும்போது பூச எதுவும் மிஞ்சாது அல்லவா? அதுபோல, பிளேட்லெட்டும் உறைபொருள்களும் உள்ளே செலவாகிவிட்டதால், உங்கள் தகப்பனாரின் கையில் ஊசி குத்திய சிறு துளைகூட மூடவில்லை. உடலெங்கும் இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் உறையும் இந்த நிலையை மருத்துவர்கள் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'டிஐசி' (DIC) என்பார்கள்.

இதை உறுதிசெய்யத் தனிச் சோதனை கிடையாது. பிளேட்லெட் எண்ணிக்கை, உறைய எடுக்கும் நேரம், ஃபைப்ரினோஜன் (உறைகட்டியின் இழைகளாக மாறும் புரதம்), டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கு) ஆகிய நான்கையும் சேர்த்து மதிப்பெண் இடுவார்கள். 2001-இல் வந்த பன்னாட்டு அளவுகோலின்படி 5-ம் அதற்கு மேலும் என்றால் டிஐசி வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். தாதியர் நீல மூடியிட்ட குழாயில் அடிக்கடி இரத்தம் எடுத்ததைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். ஃபைப்ரினோஜன் தொற்றின்போது தானாகவே கூடும் என்பதால், அது இயல்பான அளவில் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

சிகிச்சையின் உயிர்நாடி, மூலத் தொற்றை ஒழிப்பதுதான்: உரிய ஆன்டிபயாடிக்கை விரைந்து கொடுப்பதும், கல்லுக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரை வடித்துவிடுவதும். பிளேட்லெட் குறைந்த எல்லோருக்கும் அதை ஏற்றுவதில்லை. இரத்தம் கசிகிறது, அல்லது அறுவை நடக்கவிருக்கிறது என்றால் 50,000-க்குக் கீழே இறங்கும்போது ஏற்றுவார்கள். கசிவு இல்லாதவர்களுக்குக் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைக் குறைந்த அளவில் போடுவதும் உண்டு. முரணாகத் தோன்றினாலும், உள்ளே கட்டிகள் உருவாவதைத் தடுப்பதே அதன் நோக்கம். உறைதலை மட்டும் குறிவைத்த மருந்து ஒன்று 2001-இல் அமெரிக்காவில் பெரும் நம்பிக்கையோடு அனுமதி பெற்றது. பின்னர் நடந்த ஆய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை எனத் தெரிந்ததும், 2011-இல் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது.

கறுத்த விரல் நுனிகளை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை; உயிருள்ள தோலுக்கும் இறந்த தோலுக்கும் எல்லை தெளிவாகும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். ஆனால் நீரிழிவுக் கால் என்பதால் தினமும் பாருங்கள். சீழோ ஈரக் கசிவோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சு வாங்குதல், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 995-ஐ அழையுங்கள்.

கேள்வி: பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தோ பாயோ

பதில்: டெங்கி பரவும் நாள்களில் எங்கும் கேட்கும் பேச்சு இது. டெங்கியில் எலும்பு மச்சையின் உற்பத்தி மந்தமாவதும் அணுக்கள் அழிவதும் சேர்ந்து பிளேட்லெட் குறைகிறது; பெரும்பாலும் தானே மீளும். மேலே சொன்ன நோயாளிக்கோ அவை உள்ளுக்குள் செலவாகிக்கொண்டிருந்தன. அந்த நிலையில் சாறு எதையும் தடுக்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். கொடுக்காதீர்கள்.