கடைசல் உளி: குறைந்த செலவில் எதை வாங்கலாம், எதை விடலாம்

மர லேத் (மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) வாங்கியவர்கள் அடுத்து வந்து நிற்பது உளியில்தான். பல ஊர்களிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். கட்டில் கால், ஊஞ்சல் கம்பு, இப்போது கொஞ்சம் கிண்ணமும்.

திருப்பூர்: அண்ணா, சின்ன லேத் ஒன்று வாங்கிவிட்டேன். உளிக்கு ஐயாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். எட்டு உளி உள்ள பெட்டி ஒன்று மலிவாக வருகிறது, எடுத்துவிடட்டுமா?

பொறுங்கள் தம்பி. முதலில் அது லேத் உளிதானா என்று பாருங்கள். சிற்பம் செதுக்குகிற உளிப் பெட்டியையும் "மர உளி செட்" என்றுதான் விற்கிறார்கள். அது குட்டையாக, மெல்லியதாக இருக்கும். சுற்றுகிற மரத்தில் வைத்தால் கையை விட்டுப் பறித்துக்கொண்டு போய்விடும், ஆபத்து. லேத் உளி என்றால் பிடியே ஒரு அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

லேத் உளியாகவே இருந்தாலும், எட்டில் மூன்றோ நான்கோதான் தினமும் கையில் எடுப்பீர்கள். கால், கம்பு, பம்பரம் மாதிரி நீளவாட்டு வேலைக்கு, சதுரக் கட்டையை உருண்டையாக்குவதற்கு 20 மி.மீ. அளவில் ஒரு ரஃபிங் கவுஜ் (கவுஜ் என்றால் வாய் குழிந்த உளி), வளைவு எடுக்க 10 மி.மீ. ஸ்பிண்டில் கவுஜ், அறுத்து எடுக்க 3 மி.மீ. பார்ட்டிங் டூல். கை பழகியதும் ஒரு ஸ்கியூ, அதாவது முனை சாய்ந்த தட்டை உளி. இந்த நான்கைத் தனித்தனியாக நல்ல எஃகில் வாங்குங்கள். ஒரே மாதத்தில் எல்லாம் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

சிவகங்கை: உளியில் ஹைஸ்பீடு ஸ்டீல் (சூடு தாங்கும் எஃகு) என்று எழுதியிருக்கிறது, ஆனால் விலை சந்தேகமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

சாணையில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். சாதாரண கார்பன் எஃகு வெளிச்சமாக, மத்தாப்பு மாதிரிக் கிளை கிளையாக வெடிக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் மங்கலான சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் குறைவாகத்தான் பொறி விடும், கிளை அதிகம் பிரியாது. ஏற்கெனவே கையில் இருக்கும் நல்ல டிரில் பிட் ஒன்றையும் பக்கத்தில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால் சூடுதான் காரணம். கார்பன் எஃகை சாணையில் அழுத்திப் பிடித்து முனை நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், நீலம் போகும்வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரிக்கு மேலும் பதம் தாங்கும். அதனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது எவ்வளவோ மேல்.

அம்பாசமுத்திரம்: எங்கள் பக்கம் சொப்பு சாமான் கடைகிறவர்கள் கொல்லரிடம் அடித்து வாங்கிய உளியை வைத்துத்தானே வேலை செய்கிறார்கள்? நமக்கு அது போதாதா?

தாராளமாகப் போதும். லாரி ஸ்பிரிங் பிளேட்டை வெட்டி அடித்து, தோய்த்துப் பதம் ஏற்றிய உளி நல்ல கூர் எடுக்கும். கேட்கப்போனால் கார்பன் எஃகில் வரும் கூர் சில நேரம் மற்றதைவிட மழமழப்பாக வெட்டும். ஆனால் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும், சாணை பிடிக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு சூடு ஏற ஏற முக்கி எடுக்க வேண்டும். நல்ல கொல்லர் கிடைத்தால் விடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய வடிவத்தை அட்டையில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாயால் சொன்னால் வேறு ஏதாவது வரும்.

நாமக்கல்: பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கலாம் என்கிறார்களே?

அப்படியே செய்யக் கூடாது. அரம் கண்ணாடி போல உடையும் அளவுக்குக் கடினமாகப் பதம் வைக்கப்பட்டது. மரம் பிடித்து இழுத்தால் பாதியில் ஒடிந்து முகத்துக்கு வரும். ஓவனில் 220 டிகிரி வாக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து வைக்கோல் நிறம் வந்தால் கொஞ்சம் இளகும், பல் முழுவதையும் தேய்த்துவிட்டால் விரிசல் தொடங்கும் இடமும் குறையும். அப்போதும் சின்ன வேலைக்கு ஸ்க்ரேப்பராக (சுரண்டும் உளியாக) மட்டும், டூல் ரெஸ்ட்டுக்கு, அதாவது உளியைத் தாங்கும் பகுதிக்கு வெளியே அதிகம் நீட்டாமல். கிண்ணத்துக்குள் விட்டுக் குடைய வேண்டாம்.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. இரும்பு லேத் சாமான் விற்கும் கடையில் 10 மி.மீ. சதுர ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் பிட் கிடைக்கும். ஒரு கனமான இரும்புக் கம்பியின் நுனியில் பள்ளம் எடுத்து, ஸ்குரு வைத்து இறுக்கினால் அருமையான ஸ்க்ரேப்பர். பவர் ஹேக்ஸா பிளேடு ஹைஸ்பீடு ஸ்டீலாக இருந்தால், பல்லைத் தேய்த்துவிட்டு மெல்லிய பார்ட்டிங் டூல் செய்துகொள்ளலாம். பல் விளிம்பு மட்டும் ஹைஸ்பீடாக உள்ள பிளேடும் உண்டு, பொறி பார்த்து எடுங்கள்.

கோயம்புத்தூர்: அண்ணா, நான் வீட்டு மாடியில் கடைகிறேன். சாணை பிடிக்கத் தெரியாததால் கார்பைடு (மிகக் கடினமான பொருள்) பிளேடு வைத்த உளியே போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பாதி சரி தங்கச்சி. சதுரக் கார்பைடு பிளேடு மழுங்கினால் திருப்பி மாட்டலாம், நான்கு பக்கம் வரும். ஆனால் அது வெட்டுவதைவிடச் சுரண்டுவதுதான் அதிகம். மென்மையான மரத்தில் நார் கிளம்பும், அப்புறம் உப்புத்தாளில் தேய்த்தே பொழுது போகும். வாங்கினால் ஒன்று வாங்குங்கள், அதையே நம்பி நிற்காதீர்கள்.

உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் பெஞ்ச் கிரைண்டர், அதாவது சாணை இயந்திரம். மலிவான உளியும் நல்ல கூரும் இருந்தால் வேலை நடக்கும், விலை உயர்ந்த உளி மொட்டையாக இருந்தால் நடக்காது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் உளிக்கடைக்குத்தான் முதலில் போகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சாதாரண 6 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் ஓடும். கிடைத்தால் 1440 சுற்று அளவில் ஓடும் 8 அங்குலம் நல்லது, சூடு குறைவு, கை பதறாது. ஏற்கெனவே இருக்கும் வேகமானதையும் விற்க வேண்டாம். அதிலுள்ள சாம்பல் நிறக் கல்லைக் கழற்றி, கிரைண்டரின் வேகத்துக்குப் பொருந்துகிற 80 நம்பர் (கல்லின் பொடி அளவு) வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லை மாட்டுங்கள்.

சாணை பிடிக்கிற முறை இதுதான்: உளியின் சரிவு முழுவதிலும் மார்க்கர் மை பூசுங்கள். மோட்டாரைப் போடாமல் கல்லைக் கையால் சுற்றி, மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். அடியில் மட்டும் அழிந்தால் கோணம் சின்னது, நுனியில் மட்டும் அழிந்தால் பெரிது, முழுவதும் அழிந்தால் சரி. ஸ்பிண்டில் கவுஜுக்கு 40 டிகிரி, ஸ்க்ரேப்பருக்கு 70 முதல் 80 வைத்துத் தொடங்குங்கள். அழுத்தவே வேண்டாம், உளியின் எடையே போதும். ஹைஸ்பீடு ஸ்டீல் சுட்டால் சட்டென்று தண்ணீரில் போடாதீர்கள், நுனியில் மயிரிழை விரிசல் விழலாம். கையைத் தூக்கிக் கொஞ்சம் ஆற விடுங்கள்.

தஞ்சாவூர்: ரஃபிங் கவுஜ் இருக்கிறது, அதையே கிண்ணத்துக்கும் பயன்படுத்தலாமா? கிண்ணம் கடையும் பௌல் கவுஜ் விலை அதிகமாக இருக்கிறது.

கூடாது, கூடவே கூடாது. ரஃபிங் கவுஜின் பிடிக்குள் போகும் வால் பகுதி மெல்லியது. கிண்ணக் கட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுக்கே வந்து மோதும், பிடித்து இழுத்தால் அந்த வால் வளையும் அல்லது ஒடியும். பௌல் கவுஜ் உருண்டைக் கம்பியிலேயே குடைந்து செய்தது, அதனால்தான் தாங்குகிறது. வாங்கும்வரை பம்பரம், உலக்கைப் பிடி, மத்து என்று கடையுங்கள். முகக் கவசம் இல்லாமலும் நிற்காதீர்கள், கையுறை போடாதீர்கள்.

விருதுநகர்: பிடி இல்லாத உளி விலை குறைவாக இருக்கிறது. பிடி நாமே செய்தால் தாங்குமா?

தாங்கும், புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. காய்ந்த கருவேலம், பூவரசு எதுவானாலும் சரி, நார் நேராக ஓடும் கட்டையாகப் பாருங்கள். பூணுக்கு ஏ.சி. மெக்கானிக்கிடம் செம்புக் குழாய்த் துண்டு கேட்டால் கிடைக்கும்; பிடியின் நுனியைக் குழாயின் உள் அளவைவிட ஒரு இழை பெரிதாகக் கடைந்து தட்டி ஏற்றுங்கள். துளையை லேத்திலேயே போட்டால் நேராக இருக்கும். எபாக்சி பசை வைத்து உளியை இறக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், மறுநாள் வேலைக்கு எடுக்கலாம்.