ஆயில் இன்ஜின்: 650 சுற்றா, 1500 சுற்றா?

கிணற்றுப் பம்புக்கு இரண்டு பழைய இன்ஜின்கள் விலைக்கு வந்திருக்கின்றன. 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று லிஸ்டர் வகை ஒன்று. 5 குதிரைசக்தி, 1500 சுற்று பீட்டர் வகை இன்னொன்று. எதை வாங்கலாம்?
— ஒட்டன்சத்திரம் வாசகர்

இன்ஜின் ஒரே கிணற்றடியில் நிற்குமானால் லிஸ்டர். வண்டியில் ஏற்றி வயல் வயலாகக் கொண்டுபோவீர்களானால் பீட்டர். லிஸ்டரின் எடை 300 கிலோவைத் தாண்டும், கான்கிரீட் அடித்தளமும் கேட்கும்.

தேய்மானத்துக்கு வெறும் சுற்றைப் பார்த்தால் போதாது, பிஸ்டன் ஓடும் தூரத்தைப் பாருங்கள். லிஸ்டரின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை ஏறும் அல்லது இறங்கும் தூரம், ஐந்தரை அங்குலம். பிஸ்டன் வினாடிக்குச் சராசரியாக 3 மீட்டர் ஓடுகிறது. பீட்டரின் ஸ்ட்ரோக் 110 மில்லிமீட்டர்தான், ஆனால் 1500 சுற்றில் 5.5 மீட்டர். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் பீட்டரில் முந்தித் தேய்வது இதனால்தான்.

பம்பு 1500 சுற்றுக்கானது என்றால் பீட்டரை நேராகக் கப்ளிங்கில் மாட்டலாம். லிஸ்டருக்கு பெல்ட் வேண்டும்: பம்பில் 6 அங்குலப் புல்லி இருந்தால் இன்ஜினில் 14 அங்குலம். தண்ணீர் கூடுதலாக வரட்டும் என்று 18 அங்குலம் போடுகிறவர்கள் உண்டு. பம்பு 1900 சுற்றைத் தாண்டும். அதற்குத் தேவைப்படும் சக்தியோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். அப்புறம் இன்ஜின் கரும்புகை தள்ளுகிறது என்று டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை.

டெலிவரிக் குழாயிலிருந்தே இன்ஜினுக்குத் தண்ணீர் விடுகிறோம். ஜில்லென்றுதான் ஓடுகிறது. பிறகும் லைனர் ஏன் சீக்கிரம் தேய்கிறது?
— உடுமலை வாசகர்

ஜில்லென்று ஓடுவதுதான் கோளாறு. லைனர் சூடேறாவிட்டால், டீசலிலுள்ள கந்தகம் எரிந்து வரும் வாயு சுவரில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகப் படிந்து அரிக்கும். முழுதாக எரியாத டீசலும் வழிந்து ஆயிலில் கலக்கும். இன்ஜினுக்குள் போகும் குழாயில் ஒரு கேட்வால்வு வைத்து, வெளியே வரும் நீர் 60 முதல் 65 டிகிரி இருக்கும்படி திருகி வையுங்கள். கையை வைத்தால் உடனே எடுக்கத் தோன்ற வேண்டும். வெளியேறும் பக்கம் வால்வே வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில் உப்புக் காரை கட்டும். அங்கே தனித் தொட்டி வைத்து அதே நீரைச் சுற்றவிடுவது மேல்.

சில டீசல் இன்ஜினுக்குக் கிளப்பும்போது உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் வேண்டும், சிலதற்கு வேண்டாம். ஏன்?
— தாராபுரம் வாசகர்

டீசல் நேராகப் பிஸ்டன் தலையிலுள்ள குழியில் பீய்ச்சப்பட்டால் காற்றை 16 முதல் 18 மடங்கு சுருக்கினால் வரும் சூடே போதும். நம்மூர்க் குளிருக்கு பிளக் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். சிலிண்டரின் மூடியான ஹெட்டில் தனிச் சிற்றறை இருந்தால், அதன் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் 20 மடங்குக்கு மேல் சுருக்கியும் காலையில் பிளக் தேவைப்படும். நாசில் மாற்றும்போது இந்த வித்தியாசம் நினைவிருக்கட்டும்: சிற்றறைக்கு ஒற்றைத் துளை, நேரடி வகைக்குப் பல துளை; திறக்கும் அழுத்தமும் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டினால் புகையும் தட்டல் சத்தமும்தான் மிஞ்சும்.