எந்தப் பாடம் கடினம், எந்தப் பிள்ளைக்குப் புரிந்தது? – கேள்வி பதில்

பிள்ளைகளுக்கு எழுதுபவர்களும் கற்பிப்பவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிறுவர் இதழ் உதவி ஆசிரியர்: வணக்கம் மேடம். ஆங்கிலக் கட்டுரை எளிதா கடினமா என்று ஃபிளெஷ் மதிப்பெண் பார்த்துச் சொல்கிறார்கள். தமிழுக்கும் அதையே போடலாமா?

போடாதீர்கள். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம் இரண்டைத்தான் பார்க்கிறது: வாக்கியத்துக்குச் சராசரியாக எத்தனை சொல், சொல்லுக்குச் சராசரியாக எத்தனை அசை (ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ என்பது; யாப்பின் நேரசை, நிரையசை அல்ல). முன்னதை 1.015-ஆலும் பின்னதை 84.6-ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835-இலிருந்து கழிக்க வேண்டும். 60 முதல் 70 வரை வந்தால் சாதாரண நடை. 30-க்குக் கீழே போனால் மிகக் கடினம்.

இப்போது “அவன் பள்ளிக்குப் போகவில்லை” என்ற வாக்கியத்தை எடுங்கள். அ-வன், பள்-ளிக்-குப், போ-க-வில்-லை: 3 சொல், 9 அசை. கணக்குப் போட்டால் மைனஸ் 50 வருகிறது! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பேசுகிற வாக்கியம் இது. ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக நிறுத்துவதைத் தமிழ் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் ஒரே சொல்லில் ஒட்டிவிடுகிறது. ஆகவே இங்கே நீளம் கடினத்துக்கு அடையாளம் இல்லை. ‘ஊழ்’ ஓரசைதான், எந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்?

அவரே: அப்படியானால் எப்படித்தான் அளப்பது?

வாசகரிடமே கொடுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. வில்சன் டெய்லர் 1953-இல் முன்வைத்த க்ளோஸ் முறை இதற்குத் தோதானது. சுமார் 250 சொல் உள்ள பகுதியில் முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டுக் கோடிடுங்கள். எத்தனை கோடு நிரம்புகிறது என்பதே அளவு.

தமிழில் திருத்தும்போது கவனம் வேண்டும். “மழை பெய்ததால் பிள்ளைகள் ____ விளையாடவில்லை.” மூலத்தில் ‘வெளியே’ இருந்தது, பிள்ளை ‘தெருவில்’ என்று எழுதுகிறாள். இரண்டு பாடங்களில் எது கடினம் என்று ஒப்பிடுவதானால் மூலச் சொல்லுக்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒரே கண்டிப்பு இருந்தால் ஒப்பீடு கெடாது. அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வியென்றால் ‘தெருவில்’ சரியான விடை. ‘தெரு’ என்று மட்டும் எழுதினால் தனியே குறித்துவையுங்கள்: பொருள் பிடிபட்டிருக்கிறது, உருபுதான் இன்னும் வரவில்லை. இந்த இரண்டையும் ஒரே ‘தவறு’க்குள் போடுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

பி.எட். மாணவி: மேடம், பயிற்சி வகுப்பில் கேள்விக்கெல்லாம் சரியாக எழுதுகிறார்கள். கதையைச் சொல்லச் சொன்னால் வாயே திறப்பதில்லை.

உங்கள் கேள்விகளைப் பாருங்கள், அம்மா. பொருளே இல்லாத ஒரு வாக்கியம் சொல்கிறேன்: “மிலுவன் தொபக்கில் நிண்டான்.” மிலுவன் எங்கே நிண்டான்? ‘தொபக்கில்’ என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள், ஒன்றும் புரியாமலே. ‘எங்கே, யார், எப்போது’ என்ற கேள்விகளுக்குப் பத்தியில் அதே சொல்லைத் தேடி எடுத்தால் போதும். “அவள் ஏன் திரும்பி வந்தாள்?” என்று, காரணம் பத்தியில் நேராகச் சொல்லப்படாத இடத்தில் கேளுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் வேறொரு வகுப்பில் கொடுங்கள். அங்கேயும் சரியான விடை வந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள்.

நூலகத் தன்னார்வலர்: சரளமாக வாசித்தால் புரிகிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறன், மொழியைப் புரிந்துகொள்வது இன்னொன்று. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வாசிப்பை இவ்விரண்டின் பெருக்கற்பலனாகச் சொன்னார்கள். ஒன்று பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம். பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்க இந்தியாவில் 2005 முதல் நடக்கும் அசர் (ASER) ஆய்வு இரண்டாம் வகுப்பு நிலைக் கதையை உரக்க வாசிக்கச் சொல்கிறது. அது அளக்க வந்தது முதல் திறனை. அந்தக் கதை அட்டையை மட்டும் காட்டி வாசிக்கவைத்துவிட்டு ‘புரிந்தது’ என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்: ஒரே பையன், ஒரு பத்தியில் 9 மதிப்பெண், அடுத்ததில் 3. எதை நம்புவது?

இரண்டையும்தான், சார். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற, ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சினார்கள். அந்த 9 கபடியைப் பற்றிய பத்திக்கும் 3 வங்கியைப் பற்றிய பத்திக்கும் கிடைத்திருந்தால், நீங்கள் அளந்ததில் பாதி அவன் உலக அனுபவம். அடுத்த முறை வெவ்வேறு பொருளில் குறைந்தது மூன்று பத்தி கொடுங்கள், வாசிக்கும் முன் “இதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டு, அவன் சொன்னதையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.