தினமும் ஷட் டவுன் செய்தும் கம்ப்யூட்டர் ஏன் அப்படியே மக்கர் செய்கிறது?

ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்தும் காலையில் அதே வைஃபை தகராறு, அதே மந்தம் என்கிறீர்கள். முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால் 'அப் டைம்' என்று ஒன்று தெரியும். நேற்று அணைத்த கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து நாளாக ஓடிக்கொண்டிருப்பதாக அது காட்டினால் பதற வேண்டாம்.

அது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்கிற வேலை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே வந்தது. இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடித்தளமான கெர்னலும், வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்து நினைவகத்தில் ஏற்றுவதால்தான் சீக்கிரம் திறக்கிறது. நேற்று குழம்பிக் கிடந்த வைஃபை டிரைவரும் அதே குழப்பத்தோடு எழுந்து வரும்.

ரீஸ்டார்ட் அப்படியில்லை, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். சர்வீஸ்காரர் போனில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்பது உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல (சில சமயம் அதுவும்தான்). வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். முழுதாக அணைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஷிப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்குங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே ஒரேயடியாக நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டம் மங்கலாக இருக்கும். மேலே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்கிற இணைப்பைச் சொடுக்கிய பிறகுதான் டிக்கை எடுக்க விடும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்ட கம்ப்யூட்டரில் இதனால் பெரிய இழப்பில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் திறக்க நேரம் கூடும், அங்கே நான் கைவைக்க மாட்டேன். உபுண்டுவும் (லினக்ஸ் வகை இயங்குதளம்) விண்டோஸும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியாமல் போகலாம்.

மந்தத்துக்கு அடுத்த சந்தேகம், கூடவே திறக்கும் புரோகிராம்கள். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். மீட்டிங் செயலி, கேம் லாஞ்சர், பிரின்டர் கம்பெனி சேர்த்துவிட்டது என வரிசை நிற்கும். தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள், அழிந்துவிடாது. வேகப்படுத்தித் தருகிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்களைப் போடாதீர்கள். அவையும் இதே வரிசையில்தான் வந்து உட்காரும்.

மற்றபடி தினசரி வேலைக்கு ஒரு குறுக்குவழி போதும் என்றால் விண்டோஸ் கீயும் வி-யும். கடைசியாகக் காப்பி செய்த 25 விஷயங்கள் வரை பட்டியலாகக் கிடைக்கும், முதல் தடவை மட்டும் ஆன் செய்ய வேண்டும். அலுவலகத்தில் பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் இதை ஆன் செய்யாதீர்கள். நீங்கள் காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் அடுத்தவர் கண்ணில் படலாம். ரீஸ்டார்ட் செய்தால், பட்டியலில் 'பின்' (Pin) போட்டு நிறுத்திவைத்தவை தவிர மற்றவை போய்விடும்.