கல்லு மாதிரி இருன்னு சொல்றாங்களே, கல்லு எல்லாத்தையும் தாங்குமா?

தடுக்கி விழுந்தா கல்லுதான் காரணம், சுமக்கிற கஷ்டத்துக்கும் கல்லைத்தான் சொல்றோம், அசையாம நிக்கிற உறுதிக்கும் அதே கல்லைத்தான் காட்டுறோம், உங்க வாழ்க்கையில கல்லு இதுல எதுவா இருந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு மூணுமாவும் இருந்திருக்கு. முதல்ல சின்னதைச் சொல்லிடறேன், அது 4 மில்லிமீட்டர், வலது கிட்னியில இருந்து கீழ இறங்கினது.

சிரிக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு விலாவுக்குக் கீழ ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் இழுத்துச்சு பாருங்க, உக்காந்தா வலி, படுத்தா வலி, நின்னா வலி, பாத்ரூம் தரையில மண்டி போட்டு வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கத்தினேன். அப்புறம் டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கினப்பதான் தெரிஞ்சுது, அந்த வலி பெரும்பாலும் கல்லு குத்துறதால வர்றதில்லையாம். கல்லு பாட்டுக்கு வழியில உக்காந்துக்குது, கிட்னி பாட்டுக்கு சிறுநீரை அனுப்பிக்கிட்டே இருக்கு, போக வழியில்லாம அது பின்னாடி தேங்கி குழாயும் கிட்னியும் உப்புது, அந்த உப்பல்தான் உயிரை வாங்குது. 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் தானா வந்துரும், தண்ணியைக் குடிச்சுட்டு காத்திருங்கன்னு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டார். பதினோரு நாள் ஆச்சு. சிறுநீரைப் பிடிச்ச வடிகட்டியில ஒரு மிளகைவிட கொஞ்சம் சின்னதா, பழுப்பு கலர்ல, ஒரு பக்கம் மட்டும் முள்ளு முள்ளா கிடந்துச்சு. இதுக்கா அவ்ளோ ஆட்டம்னு எனக்கே கடுப்பாயிடுச்சு. காரணம்ங்கற கல்லு அவ்ளோதாங்க, அது ஒண்ணும் பண்ணல, சும்மா இருந்துச்சு, ஓடிக்கிட்டிருந்தது நின்னுச்சு.

சுமக்கிற கல்லுன்னா எல்லாரும் கிரேக்கக் கதையில வர்ற சிசிஃபஸைத்தான் இழுப்பாங்க, பாறையை மலைமேல உருட்டிக்கிட்டே போவான், உச்சிகிட்ட போனதும் அது திரும்ப கீழ உருண்டுரும், மறுபடி முதல்ல இருந்து. எனக்கு அதைவிட தென்னாப்பிரிக்காவோட ராபன் தீவுதான் ஞாபகம் வரும். 1964ல நெல்சன் மண்டேலாவை ஆயுள் கைதியா அங்க கொண்டு போனாங்க. முதல்ல சிறை முற்றத்துல வரிசையா உக்கார வெச்சு கல்லைச் சுத்தியலால ஜல்லியா உடைக்க விட்டாங்க, அடுத்த வருஷம் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு. ஆறு மாசம்தான் வேலைன்னு சொல்லி அனுப்பினது, 13 வருஷம் இழுத்துச்சு. வெயில் அந்த வெள்ளைக் கல்லுல பட்டு முகத்துல தெறிக்கும், கறுப்புக் கண்ணாடி கேட்டும் கிட்டத்தட்ட மூணு வருஷம் கொடுக்கல, அவர் கண்ணு கடைசி வரைக்கும் சரியாகல. ஆனா அதே குவாரியில கடப்பாரை போட்டுக்கிட்டே ஒருத்தருக்கொருத்தர் பாடம் நடத்தியிருக்காங்க, வரலாறு, அரசியல், எழுத்து தெரியாதவங்களுக்கு எழுத்து. தமிழ்ல இந்தக் கல்லும் கல், படிக்கிறதும் கல், இதை ஸ்கூல்ல சொல்லிச் சொல்லி போரடிப்பாங்க, எனக்கு அது பொருத்தமா பட்டது இந்த ஒரு இடத்துலதான். 1995ல பழைய கைதிங்க எல்லாம் அங்க திரும்பிப் போனப்ப மண்டேலா ஒரு கல்லை எடுத்து கீழ வெச்சார், யாரும் சொல்லாமலே மத்தவங்களும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து அதுமேல போட்டாங்க, அந்தக் குவியல் அப்படியே நினைவுச் சின்னமா நின்னுடுச்சு.

சரி, மூணாவதுக்கு வர்றேன், எனக்கு சண்டையே இதோடதான். உறுதிக்கு கல்லைச் சொல்றது.

எங்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், திடீர்னு தவறிட்டார். ரெண்டு சின்னப் பசங்க. வந்தவங்க எல்லாரும் வாசல்ல நின்னு ஒரே மாதிரி பேசினாங்க, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு", "இப்படித்தான் இருக்கணும்". பாராட்டாத்தான் சொன்னாங்க, ஆனா அந்தப் பாராட்டுக்கு அப்புறம் அவ எப்படி அழுவா? அழுதா பேர் கெட்டுப் போயிருமே. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்றதும் நாமதான், கல்லு மாதிரி இருன்னு சொல்றதும் நாமதான்.

நான் சிவில் படிச்சவன், அதனால இதுல எனக்கு வேற ஒரு எரிச்சலும் உண்டு. கருங்கல்லை மேல இருந்து அழுத்துனா அசராம தாங்கும். அதையே இழுத்தா தாங்கறது அதுல பத்துல ஒரு பங்குதான், பல சமயம் அதுகூட இல்ல. உத்தரமா படுக்கப் போட்டு மேல பாரம் ஏத்தினா கீழ்ப்பக்கம் இழுபடும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். பழைய கல் மண்டபத்துல தூணுங்க அவ்ளோ நெருக்கமா நிக்கிறது அழகுக்காக மட்டும்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டு தூணுக்கு நடுவுல கல்லு ரொம்ப தூரம் தாண்டாது. அதே கல்லை வளைவா அடுக்கிட்டா ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கும், இழுபடற வேலையே பெருசா கிடையாது, ரோம்ல கிமு 62ல கட்டின ஃபாப்ரிசியஸ் பாலத்துல இன்னைக்கும் ஜனங்க நடந்து போறாங்க. ஆக கல்லு பலமானதா இல்லையான்னு கேட்டா பதில் கிடையாது, எங்க வெச்சிருக்கீங்க, பாரம் எந்தப் பக்கமா வருதுன்னு கேக்கணும்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல சைட்டுல ஒரு பெரியவர் பாறை பிளக்கறதைப் பார்த்திருக்கேன். ஒரு கோடு போட்ட மாதிரி வரிசையா குழி போட்டு ஒவ்வொண்ணுலயும் இரும்பு ஆப்பு செருகி வெச்சிருந்தார். ஒரே ஆப்பைப் போட்டு அடிக்கல, இந்த முனையில ஒரு தட்டு, அடுத்ததுக்கு ஒரு தட்டு, கடைசி வரைக்கும் போயிட்டு திரும்ப முதல்ல இருந்து. ணங், ணங்னு மணி மாதிரி சத்தம். நான் வாட்ஸ்அப் பாத்துக்கிட்டு நின்னேன். திடீர்னு சுத்தியலைக் கீழ வெச்சுட்டார். "ஏன் நிறுத்திட்டீங்க"ன்னா, "சத்தம் மாறிடுச்சு தம்பி"ன்னார். எனக்கு ஒண்ணும் கேக்கல. கல்லு மேல பார்த்தா முடி மாதிரிகூட ஒரு கோடு இல்ல. அவர் ஒரு பீடியைப் பத்த வெச்சு பாதிதான் இழுத்திருப்பார், உள்ள ஏதோ முறியற மாதிரி ஒரு சின்ன சத்தம், அந்தக் கோடு நெடுக பாறை ரெண்டா விலகி நிக்குது. அதுக்கப்புறம் கடைசியா ஒரு அடிகூட யாரும் அடிக்கல.

அக்கா விஷயத்துல எனக்கு சத்தம் மாறினது கேக்கல. நான்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேனே, பேங்க், இன்சூரன்ஸ், பசங்க ஃபீஸ், கரண்ட் பில், சிலிண்டர் புக் பண்றதுகூட. அவ ஏதாவது பேப்பரைக் கையில எடுத்தா "கொடு, நான் பாத்துக்கறேன்"னு வாங்கிடுவேன். எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் பேங்க் ஃபாரம் ஒண்ணை டேபிள்ல வெச்சு அவளே பொறுமையா நிரப்பிக்கிட்டு இருந்தா, பின் கோடுல ஒரு நம்பர் தப்பு, நான் சிரிச்சுக்கிட்டே "கொடு"ன்னு இழுத்தேன். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கறேன்னா நான் எதுக்குடா இருக்கேன்"னு கேட்டா. கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்தவதான், சாயந்திரம் வரைக்கும் அழுதா. மாமா போன அன்னைக்கு அழ வேண்டியதும் சேர்ந்து வந்துச்சு.

கலிலியோ 1638ல வந்த தன் புத்தகத்துல ஒரு தூணைப் பத்தி சொல்றார், காலேஜ்ல படிச்சது, அன்னைக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. பெரிய பளிங்குத் தூணைப் படுக்க வெச்சு ரெண்டு முனைக்கும் கீழ கட்டை கொடுத்திருந்தாங்க. நடுவுல ஒடிஞ்சுடப் போகுதுன்னு ஒருத்தர் அக்கறையா மூணாவது கட்டையை நடுவுல வெக்கச் சொன்னார், எல்லாருக்கும் நல்ல யோசனைன்னு பட்டுச்சு. சில மாசம் கழிச்சுப் பார்த்தா தூண் ஒடிஞ்சு கிடக்கு, சரியா அந்தப் புதுக் கட்டைக்கு மேலயே. முனையில இருந்த ஒரு கட்டை உளுத்து கீழ இறங்கிடுச்சு, நடுக்கட்டை மட்டும் கெட்டியா நின்னுச்சு, ஒரு பக்கம் முழுக்க அந்தரத்துல தொங்கி தன் பாரத்துலயே முறிஞ்சுது. பழைய ரெண்டு கட்டை மட்டும் இருந்திருந்தா தூணும் கூடவே கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்ளோதான். இதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினவன்தான் நான், நடுக்கட்டையா நின்னப்ப உறைக்கல.

மறுநாள் ஃபைல் எல்லாத்தையும் அவகிட்ட கொடுத்தேன். நாலஞ்சு மாசம் தப்புத் தப்பா பண்ணினா, ரெண்டு தடவை ஃபைன் கட்டினா, எனக்குக் கை அரிச்சுது, தொடல. அப்புறம் கார் ஓட்டக் கத்துக்கிட்டா.

அந்தக் கிட்னிக் கல்லு ராத்திரி நான் போன் போட்டது அவளுக்குத்தான். பதினஞ்சு நிமிஷத்துல வந்து என்னைப் பின் சீட்டுல படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனா. கவுன்ட்டர்ல அட்மிஷன் ஃபாரத்தை நீட்டினாங்க, நான் வலியில நெளிஞ்சுக்கிட்டே பேனாவுக்குக் கையை நீட்டினேன். "கொடு, நான் பாத்துக்கறேன்"னு பிடுங்கிக்கிட்டா. வயசை மட்டும் ரெண்டு கூட்டி எழுதிட்டா, அந்த ஃபைல்ல இன்னும் அப்படியேதான் இருக்கு.