பொம்மையால் வம்பு வராது, அது பாடினால் வரும்

கேள்வி: பழைய சாமான் கடைகளில் கிடைத்த பொம்மைகளை வைத்து ஆறு நிமிட வீடியோ எடுத்திருக்கிறேன். ‘எல்லா உரிமையும் என்னுடையதே’ என்று விழாக்குழு உறுதிமொழி கேட்கிறது. பணம் கொடுத்தால் அனுமதிச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அனுமதி தர வேண்டியவர் உரிமையாளர். அவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஏஜென்ட் அடுத்த நாளிலிருந்து போன் எடுக்க மாட்டார். அவருடைய லெட்டர்ஹெட்டும் வட்ட முத்திரையும் வெறும் காகிதம். அதற்குப் பணத்தைக் கொட்டிவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

பொம்மை உங்களுடையது, அதன் வடிவத்தின் பதிப்புரிமை உங்களுடையதல்ல. ‘அடியில் பெயர் இல்லை, அதனால் உரிமையும் இல்லை’ என்று விற்கிறவர் சொல்வார். நம்பாதீர்கள், முத்திரை இல்லாமலே உரிமை இருக்கலாம். அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். பார்பியைச் சமையலறைக் கருவிகளுக்குள் திணித்துப் படம் எடுத்த டாம் ஃபோர்சைத் மீது பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் கம்பெனி வழக்குப் போட்டது. 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கலைஞர் பக்கம் நின்றது. மறு ஆண்டு கீழ் நீதிமன்றம் அவருடைய வழக்குச் செலவாக 18 லட்சம் டாலருக்கு மேல் மேட்டலைக் கட்டச் சொன்னது. பொம்மையைக் கேலியாகவோ விமர்சனமாகவோ மாற்றிக் காட்டுகிறீர்களா என்பதுதான் பேச்சு.

நீங்கள் அனுப்பிய பிரதியில் என்னை உறுத்தியது இரண்டாம் நிமிடம். கரடியின் வயிற்றை அமுக்கியதும் கரகரவென்று ஒரு பாட்டு வருகிறதே, அது. அமெரிக்கப் பாடகி காரென் கார்பென்டரின் கதையைப் பார்பி பொம்மைகளை வைத்தே சொன்ன 1987-ஆம் ஆண்டுப் படம் முடங்கியது பொம்மைகளால் அல்ல. அனுமதி வாங்காத பாடல்களுக்காக அவருடைய அண்ணன் ரிச்சர்ட் போட்ட வழக்கால். இணையத் தளங்களின் தானியங்கிச் சோதனையும் பாட்டைத்தான் முதலில் பிடிக்கும். அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிடுங்கள், அமுக்கும் விரல் மட்டும் போதும்.

போஸ்டர் விஷயம் வேறு. படத்துக்குள் பொம்மை உங்கள் கருத்துக்கு உதவுகிறது. போஸ்டரில் ஏற்றினால், அந்தக் கம்பெனியே படத்தை எடுத்தது போலத் தோன்றலாம். அங்கே வணிகச் சின்னச் சட்டம் நுழையும். டி-ஷர்ட், சாவிக்கொத்து என்று விற்கக் கிளம்பினால் கலை என்ற வாதம் ரொம்பவே மெலிந்துவிடும். போஸ்டரில் உங்கள் கையை, நிழலை, வெறும் பெட்டியைப் போடுங்கள். அந்தக் கரடியின் முகம் வேண்டாம்.

இனி அந்த உறுதிமொழி. எல்லாம் என்னுடையது, இல்லை என்று இரண்டே கட்டம். வாழ்நாளில் ஒரு வீடியோ கூட எடுக்காதவர் தயாரித்த படிவம். கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போடாதீர்கள். ‘வீடியோ என் படைப்பு, அதில் வரும் பொம்மைகளின் வடிவங்கள் பிறருடையவை’ என்று மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள்.