பைபிளின் மூலப்பிரதியே இல்லையே, நகல்களை எப்படி நம்புவது?

மூலப்பிரதி இல்லை என்பது உண்மை. பவுலோ யோவானோ எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று கிடையாது. கையில் இருப்பவை நகலுக்கு நகல். புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் 5,000-க்கு மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. அவற்றிடையே உள்ள வேறுபாடுகளை லட்சக்கணக்கில் எண்ணுகிறார்கள். ஆகவே "ஓரெழுத்தும் மாறவில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். பைபிளின் அடிக்குறிப்பை ஒருநாள் படித்தாலே அது உடைந்துபோகும், கூடவே மற்றதையும் உடைக்கும்.

ஒரே நூலின் பிரதிகளுக்கிடையே சொற்கள் மாறுவதை நம் சுவடிப் பதிப்பாளர்கள் 'பாடபேதம்' என்பார்களே, அதேதான் இது. பழைய ஓலைகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் இருந்ததால் வந்த குழப்பங்கள் தமிழறிந்தவர்களுக்குத் தெரியும். கிரேக்கத்தில் அதற்கு நல்ல உதாரணம் ரோமர் 5:1. "சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்பதற்கும் "பெற்றிருப்போமாக" என்பதற்கும் நடுவே ஒரே எழுத்துதான்: குறில் ஓமிக்ரானா, நெடில் ஓமேகாவா? காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டதால், காதால் கேட்டு எழுதியவர் கை தவறியது. 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிள் பிரதியான சினாய்ச் சுவடியில் முதலில் நெடில் எழுதப்பட்டு, பிறகு குறிலாகத் திருத்தப்பட்டிருக்கிறது. எண்ணப்படும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இதைவிடச் சின்னவை: எழுத்துக்கூட்டல், சொல் வரிசை, ஒரே முடிவுள்ள இரண்டு வரிகளுக்கிடையே கண் தாவி ஒரு வரி விட்டுப்போவது. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்திருந்தால் வேறுபாடே இருந்திருக்காது. பிழையைக் கண்டுபிடிக்க வழியும் இருந்திருக்காது.

பெரிய இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மாற்கு 16:9-20 (உயிர்த்தெழுந்த இயேசு காட்சி தரும் பகுதி), யோவான் 7:53-8:11 (விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி) இரண்டுமே சினாய்ச் சுவடியிலும், அதே நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியிலும் இல்லை.

1 யோவான் 5:7 தனிக்கதை. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் வருவார்கள். கிரேக்கப் பிரதிகளில் மிகச் சிலவற்றில்தான் இது இருக்கிறது, அவையும் மிகப் பிந்தியவை. லத்தீன் வழியில் நுழைந்த வாசகம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 1522-இல் சேர்த்தார். அச்சில் ஏறியபின் அங்கிருந்து பல மொழிகளுக்கும் போனது. திருத்துவத்தை விளக்க இந்த வசனத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14, யோவான் 20:28 போதும். அந்த வசனங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அடித்தளமான விசுவாச அறிக்கை எதுவும் சந்தேகத்துக்குரிய ஒரு வசனத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை.

பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டி வாதத்தில் வெல்லப் பார்ப்பதும் தவறு. அவற்றில் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. எண்ணிக்கையைவிட வயதும், எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும், எந்தப் பாடத்திலிருந்து மற்றது பிறந்திருக்க முடியும் என்பதும்தான் எடைபோடப்படுகின்றன. பழைய ஏற்பாட்டுக்கு 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் பெரிய உதவி. அதுவரை தெரிந்த முழு எபிரேயப் பிரதிகளைவிட ஏறத்தாழ 1,000 ஆண்டு மூத்த ஏசாயாச் சுருள் அங்கே கிடைத்தது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபட்டாலும், அது நாம் வாசிக்கும் ஏசாயாதான்.

யார் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம், நீங்களே பார்க்கலாம். சினாய்ச் சுவடியின் பக்கங்கள் இணையத்தில் படங்களாக இருக்கின்றன. மாற்கின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால், "பயந்திருந்தபடியினால்" என்ற 16:8-உடன் எழுத்து நிற்கும். கீழே சிறு அலங்காரக் கோடு, நூலின் பெயர், மிச்சம் வெற்றிடம். அதே பக்கத்தின் அடுத்த நெடுவரிசையில் லூக்கா தொடங்கும்.